புரவிகள் காத்து நின்ற நேரம்

எங்கள் வீட்டுக்கு மூட்டை மூட்டையாகப் பென்சில்கள் வரப்போவதாக நான் நம்பிக்கொண்டிருந்த ஒரு காலம் உண்டு. படுத்துக் கண்ணை மூடினால் பென்சில்தான் வரும். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று அறை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். அதன் மேல் நான் படுத்து உருளுவேன். எழுந்து பார்த்தால் பாய்தான் இருக்கும். அதனால் என்ன, நாளைக்கு வந்துவிடும் என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை சென்னையில் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டதால், ஒக்கூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்திருந்தாள். ஊரில் நெல் உண்டு, கடலை உண்டு, படித்த பெண்ணுக்கு வேலைதான் கிடையாது. அத்தை நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படிப் பார்த்ததில் அகப்பட்டதுதான் பென்சில் வேலை. முன்பணம் கட்டினால் பென்சில்களை வீட்டுக்கே அனுப்புவார்களாம். பத்துப் பத்தாக டப்பாவில் அடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அத்தை பணத்தைக் கட்டினாள். அப்பா பரணைச் சுத்தம் செய்து இடம் ஒதுக்கினார். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி வைத்தாள், ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று.

பென்சில் வரவேயில்லை. கொஞ்ச நாளில் அந்தப் போன் நம்பரும் ஓய்ந்துபோனது. ஊரில் எங்கள் வீட்டுக்குப் பென்சில் வீடு என்று பெயர் வைத்தார்கள். அத்தை தெருவில் நடந்தால், "என்னத்தா, சீவுன பென்சிலா, சீவாததா?" என்று டீக்கடையில் இருந்து யாராவது கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் சிரிப்பை நிறுத்திவிடுவாள். எனக்கு அந்த ஆட்களை அறவே பிடிக்காது. அதே சமயம், ஒரு பென்சிலாவது வந்திருக்கலாமே என்ற வருத்தமும் எனக்கு இருந்தது.

அதன் பிறகுதான் அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தார். கண்டரமாணிக்கத்தில் ஒரு இடம். நிலபுலன் உள்ள குடும்பம், மாப்பிள்ளைக்குச் சொந்தமாக டிராக்டர் இருந்தது. அப்பா நடையாய் நடந்து பேசி வைத்திருந்தார். அத்தை அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பாத்துக்கிறேன். கெடைக்கலைன்னா நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டுறேன்."

அப்பா யோசித்துவிட்டு, புரவியெடுப்பு முடிகிற வரைக்கும் என்றார். ஐயனார் கோயிலுக்கு மண்குதிரைகளை ஊரே தோளில் சுமந்துகொண்டு போகும் திருவிழா அது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரில் யாரும் கல்யாணப் பேச்சு பேச மாட்டார்கள். அந்த நாட்கள்தான் அத்தைக்குக் கிடைத்த தவணை.

பென்சிலில் சூடு பட்டவள் இப்போது பூனை மாதிரி அடிமேல் அடி வைத்தாள். முதலில் பணம் கேட்கிறவனை அப்படியே ஒதுக்கினாள். விலாசம் சொல்லாதவனை ஒதுக்கினாள். கை நிறையச் சம்பளம், வேலையே இல்லை என்று ஆசை காட்டியவனை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஒதுக்கினாள். கடைசியில் லண்டனில் கட்டில், மெத்தை விற்கும் ஒரு கம்பெனி மிஞ்சியது. அங்கே மெத்தை வாங்கியவர்கள் போனில் கேட்கும் சந்தேகங்களுக்கு வீட்டில் இருந்தபடியே பதில் சொல்ல வேண்டும். அத்தையுடன் படித்த ஒருத்தி அதில் ஒரு வருஷமாக இருந்தாள். அவளிடம் விசாரித்து, மாதாமாதம் சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று உறுதி செய்துகொண்டுதான் அத்தை விண்ணப்பித்தாள். அவர்கள் காசு கேட்கவில்லை. நேர்காணலின்போது சத்தமே இல்லாத ஒரு அறை வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த நேர்காணலைப் புரவியெடுப்பு அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்துவிட்டார்கள். வருஷம் முழுக்கக் காக்கை கத்துவதைத் தவிர வேறு சத்தம் இல்லாத ஊர் எங்களுடையது. அன்றைக்கு மட்டும் கொட்டு, வேட்டு, குழாய் ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. நேரத்தை மாற்றிக் கேட்க அத்தைக்குப் பயம். குதிரைகள் கிளம்ப ஆறு மணி ஆகும், அதற்குள் முடிந்துவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டாள். அன்று காலை அப்பாவிடம் நாலு மணி விஷயத்தைச் சொன்னபோது, அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோபமாகப் போகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் சத்தம் நுழையாத இடம் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறைதான். மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, அத்தை லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகம் தெரியும் என்பதால் நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டிருந்தாள். நெல் வாசமும் மல்லிகை வாசமும் கலந்த அந்த அரை இருட்டில் அவளைப் பார்க்க எனக்குக் கண் கூசியது. கொஞ்ச நேரத்தில் அவள் அங்கிருந்து வேறெங்கோ போய்விடுவாள் என்று தோன்றியது.

மூன்றரை மணிக்கெல்லாம் மேற்கே மேகம் திரண்டது. மழை வந்தால் குதிரைகளுக்கு அடித்த வண்ணம் கரைந்துபோகும். அதனால் ஊரை நடத்தும் அம்பலகாரர், இப்போதே கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார். அத்தை உள்ளே முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது தெருக்கோடியில் கொட்டுச் சத்தம் எழும்பியது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஓடுத்தா. உங்கப்பாட்ட சொல்லி, செத்த நேரம் கொட்ட நிப்பாட்டச் சொல்லு. ஓடு."

நான் ஓடினேன். தெரு முழுக்கச் சனம். அதற்கு மேலே வெள்ளைக் குதிரைகள் மிதந்து வந்தன. மூங்கிலில் கட்டிய அவற்றின் கால்கள் தரையில் படவேயில்லை. முதல் குதிரையின் முன்பக்கத்து மூங்கிலுக்குக் கீழே அப்பாவின் தோள். அவரிடம் போய்ச் சேருவதற்குள் அம்பலகாரர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னத்தா, எங்குட்டு ஓடியாற? குதிர மேல முட்டிக்கிறாத."

"கொட்ட நிப்பாட்டச் சொல்லுங்க."

"எதுக்கு?"

அத்தைக்கு வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த டீக்கடை ஆட்கள் கண்ணில் பட்டார்கள். வேலை என்றால் பென்சில் என்று சிரிப்பார்கள், கொட்டு நிற்காது. அத்தையின் சேலையும் பூவும் ஞாபகம் வந்தன.

"அத்தைய பொண்ணு பாக்குறாக. போன்ல. சத்தம் போட்டா அவுகளுக்கு ஒண்ணுமே கேக்காது."

அம்பலகாரர் கையைத் தூக்கினார். கொட்டு நின்றது. வேட்டுக்காரர் கொளுத்தப்போன திரியைக் காலால் மிதித்து அணைத்தார்.

"காப்புக் கட்டுன ஊர்ல பொண்ணு பாக்குறதா?" என்றார் அம்பலகாரர்.

மைக் செட்டுக்காரர் ஆட்டோவில் இருந்து தலையை நீட்டினார். "அவுக ஊருக்குள்ள வரலையேய்யா. போன்லதான பாக்குறாக. காப்பு ஊருக்குத்தான கட்டிருக்கோம்."

இதில் நியாயம் இருப்பதாகப் பலரும் தலையாட்டினார்கள். அம்பலகாரர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு, எந்த ஊர் மாப்பிள்ளை என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன், லண்டன் என்று. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"ஏப்பா, நெசந்தானா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

அப்பா மூங்கிலைத் தாங்கியபடி நின்றார். நெற்றியில் வழிந்த வேர்வையைத் துடைக்கக் கை ஒழியவில்லை. கண்டரமாணிக்கத்து மாப்பிள்ளையின் சித்தப்பா திருவிழாவுக்கு வந்து, நாலு ஆள் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு அம்பலகாரரிடம் திரும்பினார்.

"ஆமாங்கய்யா. திடுதிப்புன்னு நாலு மணிக்குன்னு சொல்லிட்டாக. அதான் யார்ட்டயும் சொல்ல முடியல."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவும் நம்பிவிட்டார்!

பேச்சு முடியட்டும் என்று அம்பலகாரர் சொல்ல, குதிரைகளை எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் வரிசையாக இறக்கி வைத்தார்கள். மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம் அவற்றின் மேல் விழுந்திருந்தது. வாயைத் திறந்தபடி, காதை விறைத்துக்கொண்டு, அவை எங்கள் வீட்டையே பார்த்தன. அத்தனை சனம் கூடி அப்படி ஒரு அமைதியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. கைக்குழந்தைகளைக் கூடத் தட்டிக் கொடுத்துத் தூங்கவைத்தார்கள். பெண்கள் ஜாடையில் பேசிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெத்தை சாய்த்த ஜன்னல் வழியாக அத்தையின் இங்கிலீஷ் மெல்லிசாகக் கசிந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் தங்கள் வீட்டுப் பெண்ணே பேசுவது போல எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். வானம் இரண்டு தூறலைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. குதிரைகள் மூச்சு விடுகின்றனவோ என்று நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

அத்தை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது ஊரே அவளைப் பார்த்தது. அவள் குதிரைகளைப் பார்த்துத் திகைத்து நின்றாள். ஒரு அம்மாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள், "மாப்பிள்ள வீட்ல என்னத்தா சொன்னாக?" அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள்ல சொல்றோம்னு சொல்லிருக்காக" என்றாள் அத்தை.

கொட்டு மறுபடி முழங்கியது. குதிரைகள் தோளேறிக் கோயிலுக்குப் போயின. கண்டரமாணிக்கத்துச் சித்தப்பாவை மட்டும் அதற்குப் பிறகு காணவில்லை. சாப்பிடாமலே போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். அந்த வீட்டிலிருந்து மறுபடி யாரும் பேச வரவில்லை. அப்பாவும் அங்கே போகவில்லை.

அத்தைக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு டப்பா பென்சில் வாங்கித் தந்தாள். தினமும் மத்தியானத்துக்கு மேல் நெல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் பேசுவாள். மாப்பிள்ளையோடு பேசுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் ஹாரன் அடித்தால் கூட யாராவது அதட்டுவார்கள்.

அடுத்த வருஷமும் மாப்பிள்ளை வரவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் அப்பாதான் பதில் சொன்னார். லீவு கிடைக்கவில்லை என்றார், அங்கே பனி கொட்டுகிறது என்றார், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். பஸ் ஸ்டாப்பில், கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே மடக்கினாலும் நின்று சொன்னார். ஏமாந்துட்டீக போல என்று சிலர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதற்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. நெல் அறைக்குப் போனேன். அத்தை ஹெட்போனைக் கழற்றி, என்ன என்று கேட்டாள்.

"பாவம் அத்தை. அப்பா இன்னமும் அத நம்பிக்கிட்டு இருக்காக. நீங்களாச்சும் சொல்லிருங்க."

அத்தை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வாசலில் அப்பா யாரோ ஒருவரிடம் லண்டன் பனியைக் கையால் அளந்து, முழங்கால் வரைக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அத்தையின் கண் நிறைந்து வழிந்தது. எழுந்து போய்க் காப்பி போட்டு, டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

நான் நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். குதிரையையே சுமக்கிற இவ்வளவு பெரிய மனுஷர், ஒரு சின்னப் பிள்ளை சொன்ன பொய்யில் இப்படி மாட்டிக்கொண்டாரே என்று அப்பாவை நினைத்து வருத்தப்பட்டேன்.