மேல்காதில் ஒரு கல்தோடு

ஸ்கந்தபுரம் இளைஞர் கழகத்தில் யாரும் ஆசைப்படாத பதவி ஒன்று இருந்தது: சுகாதாரச் செயலாளர். யதுர்ஷிகா அதைக் கேட்டு வாங்கினாள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். பல்கலைக்கழகம் கொஞ்சப் புள்ளியில் தவறிப்போயிருந்தது. படித்தது வீண்போகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

அந்த வருடம் ஊர்ப் பெடியள் கையிலும் கழுத்திலும் பச்சை குத்திக்கொண்டு திரியத் தொடங்கினார்கள். அவளுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. வாசிகசாலையில் பேசினாள், பாடசாலையில் பேசினாள், கோயில் மண்டபத்தையும் விடவில்லை. ஒருவருக்குக் குத்திய ஊசியால் இன்னொருவருக்குக் குத்தினால் ஈரல் அழற்சி வரலாம், எச்.ஐ.வி.யும் தொற்றலாம், மை ஒத்துக்கொள்ளாமல் தோல் தடிக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினாள். சீழ் பிடித்த கையின் படம் வந்ததும் முன்வரிசைப் பெட்டையள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது அவளுக்குத் திருப்தியாக இருக்கும். உடம்பில் துளை குத்துவது பற்றியும் அவளிடம் ஒரு படம் இருந்தது. நேரம் போதாதென்று எப்போதும் அதைத் தாண்டிவிடுவாள்.

அவளுடைய மாமாவின் மகன் அனோஜன் உழவு மெஷின் ஓட்டுபவன். எல்லாக் கூட்டத்துக்கும் வந்து பின்னால் இருந்து கவனமாகக் கேட்டான். கேட்டு முடித்த கையோடு வவுனியாவுக்குப் போய், கையில் ஒரு கழுகைக் குத்திக்கொண்டு வந்தான். யதுர்ஷிகா அவனோடு கதைப்பதையே நிறுத்தினாள். படிப்பு ஏறாதவனுக்குச் சொல்லி என்ன பிரயோசனம் என்று தாய் ஜெகதீஸ்வரியிடம் குறைப்பட்டாள்.

ஆவணியில் சிநேகிதி ஒருத்திக்குக் கல்யாணம் வந்தது. தோழியாக நிற்கும்போது வலது காதின் மேல்நுனியில் சின்னக் கல்தோடு ஒன்று மின்னினால் நன்றாக இருக்கும் என்று யதுர்ஷிகாவுக்குத் தோன்றியது. கிளிநொச்சியில் ஒரு பான்சிக் கடைக்குப் போனாள். அங்கே நின்ற பெட்டை, கைத்துப்பாக்கி மாதிரி இருந்த தோடு குத்தும் துவக்கை ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணியால் ஒரு துடை துடைத்தாள். முதல் நாள் அது யார் காதைத் துளைத்தது என்று யதுர்ஷிகா கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. பச்சை குத்துவது வேறு, காது குத்துவது வேறு. தொட்டில் பிள்ளைக்கே குத்துகிறோமே.

கல்யாணம் வடிவாக முடிந்தது. பிறகு காது சிவந்தது, சுட்டது, வீங்கியது. ஜெகதீஸ்வரி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிவிட்டா. கழகம் ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்த கூட்டத்துக்கு, யதுர்ஷிகா தலைமயிரை வலப்பக்கம் அவிழ்த்துவிட்டுப் போனாள். நோவோடு நோவாக, சீழ் பிடித்த கையின் படத்தை எல்லாருக்கும் காட்டினாள்.

ஒலிபெருக்கியைக் கழற்ற வந்த அனோஜன் கிட்ட நின்று பார்த்தான்.

“மச்சாள், காதைக் காட்டுங்கோ.”

“ஒண்டுமில்லை. மயிர் பட்டு எரியுது.”

“குத்தின ஊசி புதுசோ?”

துவக்கால் குத்தியது என்றாள். அவன் தன் கையிலிருந்த கழுகைக் காட்டினான்.

“நான் ஊசிப் பக்கெற்றை எனக்கு முன்னாலதான் உடைக்கவேணும் எண்டு நிண்டனான். கையுறையும் மாத்தச் சொன்னனான். பச்சை குத்தினவருக்குக் கோவம் வந்திட்டுது. ஆனா நீங்கள் சொன்னதுகளை எல்லாம் கேட்டுத்தான் குத்தினனான்.”

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே நன்றியோடு சொன்னான். அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

அவனுடைய மோட்டார்சைக்கிளிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேல்காதில் இருப்பது குருத்தெலும்பு, அங்கே இரத்த ஓட்டம் குறைவு, கிருமி புகுந்தால் லேசில் மாறாது, துவக்கு அடிக்கிற வேகத்தில் அது நசுங்கியும் போகும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். குருத்தெலும்பைப் பற்றி யதுர்ஷிகா ஒரு காலத்தில் சோதனையில் எழுதி முழுப்புள்ளி வாங்கியவள். தலையை ஆட்டினாள். காதைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். காது தப்பியது. மேல்நுனி மட்டும் சுருண்டுபோனது. இனி மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் படமெல்லாம் இடப்பக்கமாகத்தான் எடுக்கவேண்டும் என்பது ஜெகதீஸ்வரியின் கவலை.

காயம் ஆறியபின் யதுர்ஷிகா மறுபடி பேசப் போனாள், தலைமயிரை இழுத்துக் கட்டிக்கொண்டு. படம் தேவைப்படவில்லை. பெட்டையள் முகத்தைத் திருப்பவில்லை. எழும்பிக் கிட்ட வந்து பார்த்தார்கள். ஒருத்தி தொட்டுப் பார்க்கலாமோ என்று கேட்டாள். இன்னொருத்தி, “அப்ப நல்லாக் குத்திற இடம் எது அக்கா?” என்றாள்.

யதுர்ஷிகாவுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அதுவரை அவளுடைய கூட்டங்களில் யாரும் கேள்வி என்று ஒன்று கேட்டதில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். குத்தாமல் விடுவதுதான் நல்லது என்று தொடங்கினாள். கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், துவக்கு வேண்டாம், புது ஊசியைக் கண்முன்னே உடைக்கச் சொல்லவேண்டும், வீங்கினால் மஞ்சளை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று இருட்டும்வரை சொன்னாள்.

கொஞ்ச நாளில் அவர்களில் இரண்டு பேர் மேல்காதில் தோட்டோடு வந்து நின்றார்கள். வீக்கமில்லை, சீழில்லை. இதைத் தன் வேலைக்குக் கிடைத்த வெற்றியென்று கழகக் கூட்டத்தில் சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று சுகாதாரச் செயலாளர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.