டெஸ்மண்ட் ஆட்லிங்கின் சொந்தக்காரர்கள்

டெஸ்மண்ட் ஆட்லிங்கை எங்கள் வாசிப்பறையில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடித்ததில்லை. இங்கிலாந்தில் எங்கள் லிங்கன்ஷயர் மாவட்டத்தின் பழைய பதிவேடுகளைப் பார்க்க மக்கள் வரும் அந்த அறைக்குச் செவ்வாய்தோறும் பத்து மணிக்கு வருவார். ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் யாராவது தங்கள் வம்சப் பட்டியலை விரித்துவிட்டால் போதும், கூப்பிடாமலே எட்டிப் பார்ப்பார்.

"இந்த தாமஸ் உங்க கொள்ளுத்தாத்தா இல்லைங்க. வயசு பொருந்தல. அடிச்சிடுங்க."

கனடாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி பதினான்கு தலைமுறை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கால் மணி நேரத்தில் அதை ஆறாக்கிவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு என்ன கொள்ளை போகுது? அவ பாட்டுக்கு சந்தோஷமா இருந்துட்டுப் போறா."

"இல்லாத சொந்தத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது ஆவிஸ்?" என்றார். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், கோபமே இல்லை குரலில்.

அவருடைய கதை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரிய வந்தது. பிறந்த மூன்றாம் வாரமே அனாதை விடுதியில் விடப்பட்டவர். தாயின் பெயர் ஏடா ஆட்லிங் என்பதைத் தவிர எதுவும் தெரியாது. கடற்கரைக்குப் போகும் ரயில் பாதையில், வயல் நடுவே ஒரு சிக்னல் அறையில், ஆண்டுக்கணக்காகத் தனியாக வேலை பார்த்தார். ஒரு பெண்ணோடு கொஞ்ச நாள் பழக்கம் இருந்ததாம். "உங்க வீட்டுல யார் யாரு இருக்காங்க?" என்று அவள் கேட்டாளாம். பதில் சொல்லத் தெரியாமல், மறுவாரம் அவளைப் பார்க்கவே போகவில்லையாம். மனுஷன் அப்படி.

ஓய்வு பெற்ற பிறகுதான் தேடத் தொடங்கினார். ஏடாவின் தகப்பன், அவன் தகப்பன் என்று ஒவ்வொரு படியாக ஏறி, 1841இல் ஸ்கெல்பி கிராமத்தில் பிறந்த வில்லியம் வரை போனார். ஸ்கெல்பி ஆங்கிலிக்கன் சர்ச்சில் அந்த வருடம் ஞானஸ்நானம் பெற்ற வில்லியம் ஆட்லிங் ஒருவன்தான். பண்ணைக்கார ஜோசையாவின் மகன். சின்ன வயதில் செத்துப்போயிருப்பானோ என்று அதே சர்ச்சின் அடக்கப் பதிவேட்டையும் பார்த்தார். பெயர் இல்லை. ஆகவே அவனேதான் என்று முடிவு கட்டினார்.

ஜோசையாவின் பண்ணையில் அந்த வம்சத்தின் நார்மா ஆட்லிங் இன்னும் இருந்தாள். எழுபதைத் தாண்டியவள், வாய்த்துடுக்கு அதிகம். இவர் கடிதம் போட்டார். அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து பதினோரு வருடம், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மாட்டிறைச்சி வறுவலும் யார்க்ஷயர் புட்டிங்கும் அவள் மேசையில்தான். கிறிஸ்துமஸும் அங்கேதான். செவ்வாய்க்கிழமை வந்து எங்களிடம் ஒப்பிப்பார்.

"'டெஸ், உன் காது அப்படியே எங்க ஜோசையா காதுடா'ன்னு நார்மா சொன்னா. படத்தைக் காமிச்சா. ரெண்டும் ஒண்ணேதான்."

காது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். சொன்னதில்லை.

ஸ்கெல்பியில், ஆங்கிலிக்கன் சர்ச்சிலிருந்து பிரிந்துபோன மெதடிஸ்ட் பிரிவினரின் சின்னக் கோயில், சேப்பல் என்பார்கள், ஒன்று இருந்து, மூடிப் பல வருடமாகிறது. அதன் கடைசி நிர்வாகி இறந்ததும், அவர் வீட்டு அலமாரியில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே சேப்பலின் அடக்கப் பதிவேடு. எங்கள் குடும்ப வரலாற்றுச் சங்கம் அதைப் படியெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து மெதடிஸ்ட்கள் பலர் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தை ஊர் சர்ச்சில் வாங்கிவிட்டு, செத்தால் சேப்பல் மண்ணில் புதைப்பார்கள். டெஸ்மண்டுக்கு அது தெரியாததல்ல. ஆனால் ஆட்லிங் குடும்பம் சர்ச் குடும்பம் என்று நார்மா சொல்லியிருந்தாள். அவள் சொன்னதை மட்டும் அவர் சரிபார்க்கவே இல்லை.

நான்காம் பக்கத்தில் இருந்தது. "வில்லியம், ஜோசையா ஆட்லிங் மகன், ஏழு மாதம்." அதே பிள்ளைதான், ஏழு மாதத்தில் செத்தவனுக்கு ஏது வம்சம்?

அவரிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். நான் எடுக்கும் படி அச்சாகி வர இன்னும் இரண்டு வருடம் ஆகும். ஆனால் அடுத்த செவ்வாயே பதிவேட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். உண்மைக்காக என்று சொல்லிக்கொண்டேன். கனடாக்காரிக்காகப் பழி தீர்க்கும் ஆசையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று தரம் படித்தார். "எழுத்து தெளிவாத்தான் இருக்கு" என்றார். "அப்ப எங்க வில்லியம் வேற யாரோ."

"நார்மாகிட்ட ஏன் சொல்லணும்? விடுங்களேன்."

"அவ மேசைல உக்காந்து சாப்பிடறேன் ஆவிஸ். சொல்லாம எப்படி?"

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. எப்படித்தான் போவாரோ, அதற்கு முன்பு நான் கேட்டதே இல்லை. அன்று நான் காரில் கூட்டிப்போனேன். நார்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர் எழுதி வந்த வரியைப் படித்தாள்.

"ஏழே மாசமா, பாவம். எங்க வீட்டுல யாரும் சொன்னதே இல்ல." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க யாரு?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். டெஸ்மண்ட் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"தெரியல. இனிமேதான் பாக்கணும்."

சாப்பாடு போட்டாள், குறை ஒன்றுமில்லை. புறப்படும்போது பிளம் ரொட்டியில் பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "எப்ப வேணாலும் வாங்க டெஸ்மண்ட்" என்றாள்.

எங்கள் ஊரில் ஒருவர் வர வேண்டும் என்று நினைத்தால் கிழமையைச் சொல்வோம், மணியைச் சொல்வோம். எப்ப வேணாலும் என்றால் வர வேண்டாம் என்று பொருள். நார்மா கெட்டவள் இல்லை. அவளுக்கே அது வாயிலிருந்து வந்தபிறகுதான் தெரிந்திருக்கும். டெஸ்மண்டும் இதே மண்ணில் வளர்ந்தவர்தான். திரும்பும் வழியெல்லாம் ரொட்டிப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார்.

இரண்டு வாரம் போனது, நான்கு வாரம் போனது. நார்மா கூப்பிடவில்லை. டெஸ்மண்ட் தன் தவறைத் தானே எழுதிச் சங்கத்தின் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். யாருடைய பட்டியலையும் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. ஏழைகள் விடுதியின் பிறப்புப் பதிவுகளில் இன்னொரு வில்லியமைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. மேசைக்குப் போனேன்.

"இந்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

பென்சிலைக் கீழே வைத்தார். "நாம எந்த வழியில சொந்தம்?"

"ஒரு வழியிலயும் இல்ல. எங்க ஆளுங்க நார்ஃபோக் பக்கம். சும்மாதான் கூப்பிடறேன்."

அவர் சிரிக்கவில்லை. விளையாட்டாகக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"சொந்தம்னு நம்பிப் போன எடத்துலயே தங்க முடியல ஆவிஸ். சும்மா கூப்பிட்ட எடத்துல எத்தனை நாளைக்குங்க?"

அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.