கையுறைக்குள் போன ஃபீனால்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் நான் வேதியியல் ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. மறுநாள் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்றாலே எனக்குக் கை கால் ஓடாது.

எங்கள் ஆய்வக உதவியாளர் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வருவார். கணவர் பட்டு நெய்பவர். தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். அந்த வேலைக்கு அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் இந்த அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரிச் சம்பளத்தைவிட அதில்தான் அவர் வீடு ஓடியது.

அன்று மாணவர்களுக்கான சிறு பாட்டில்களில் ஃபீனால் ஊற்றிக்கொண்டிருந்தார். கழிவறைக்கு ஊற்றும் ஃபினாயில் இல்லை இது. பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து கிடக்கும், வெந்நீரில் வைத்து உருக்கித்தான் ஊற்ற வேண்டும். கையுறை போட்டிருந்தார். மெல்லிசான மலிவுக் கையுறை, வாங்கச் சொன்னதும் நான்தான்.

“மேடம், கிளவுஸ் ஓட்டை போலருக்குது. உள்ள போய்டுச்சு.”

“எரியுதாம்மா?”

“எரியலயே. லேசா மரத்துக்கினு வருது, அவ்ளோதான்.”

“அப்ப ஒண்ணுமில்ல. இன்னும் நாலு பாட்டில்தானே, முடிச்சிட்டுக் கழுவிக்கோ.”

பதிவேட்டிலிருந்து நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஃபீனால் முதலில் நரம்பை மரக்கச் செய்யும், வலி தெரியாமலே தசையைத் தின்னும், பட்ட உடனே கழற்றி எறிந்துவிட்டுக் குழாயடியில் விடாமல் கழுவ வேண்டும், கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ய வேண்டும். இதையெல்லாம் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்.

நடுவில் உறைந்ததை மறுபடி உருக்கி ஊற்றி முடித்து, அரைமணி கழித்துத்தான் அவர் கையுறையைக் கழற்றினார். வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வேக வைத்ததுபோல வெளுத்திருந்தன. குழாயைத் திறந்து அதன் கீழே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். ஃபீனால் கையில் பட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். “இப்பத்தான் சார், அஞ்சு நிமிஷம்” என்றேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று எத்தனை முறை யோசித்தாலும் ஒரே பதில்தான். பயம், என் வேலைக்கான பயம்.

சில நாட்களில் விரல்கள் கறுத்தன. இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டார்கள். அவருடைய கவனக்குறைவு என்று கல்லூரியில் அறிக்கை எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அவர் வேலைக்குத் திரும்பவில்லை. இழை இணைக்க யாரும் கூப்பிடுவதும் இல்லையாம்.

போன மாதம் மார்க்கெட்டில் கணவரோடு எதிரே வந்துவிட்டார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், முடியவில்லை.

“இவங்கதான் அந்த மேடம். அன்னிக்கு ஆட்டோவுல இட்டுக்கினு ஓடுனாங்களே. இவங்க இல்லன்னா முழுக் கையும் போயிருக்கும்” என்று கணவரிடம் சொன்னார்.

அந்த மனிதர் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “நல்லா இருக்கீங்களாம்மா” என்றுதான் வந்தது.

தெரியாமல் செய்த தவறாக இருந்தால் இத்தனை நாளில் மனம் கொஞ்சமாவது ஆறியிருக்கும். எனக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்ததே.