ராயப்பன் கண்ணில் நடந்த அற்புதம்

விழுப்புரம்–திண்டிவனம் தனியார் பஸ்ஸில் பதினான்கு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர் ராயப்பன். சர்க்கரை பிடித்து எட்டு வருடம். 2007இல் முதலாளி ஒரு உத்தரவு போட்டார்: சர்க்கரை உள்ள டிரைவர்கள் கண் சோதனைச் சீட்டைக் காட்டினால்தான் வண்டிச் சாவி.

அந்த ஞாயிறு மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்கு, தலையில் டிஷ் வைத்த வேன் வந்தது. உள்ளே கண்ணைப் படம் பிடித்து அனுப்பினால், பட்டணத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்வார். தன் கண்ணை நம்பாத ராயப்பன், மனைவி லூர்துசெல்வியின் தம்பி ஆன்டனியைத் தன் பெயரில் உட்காரவைத்தார். மல்லாட்டை எனும் வேர்க்கடலை உடைக்கும் மில்லில் மூட்டை தூக்குகிறவன். சர்க்கரை சோதித்ததே இல்லை. கூலி, ஒரு பிரியாணி.

அரை மணியில் சீட்டு வந்தது. இடது கண்ணுக்குள் ரத்தக் கசிவு, உடனே லேசர் வைக்கவேண்டும்.

ராயப்பன் ஆன்டனியைத் தனியே அழைத்துச் சொன்னார். அவன் பிரியாணி தின்று கைகழுவிக்கொண்டிருந்தான்.

“சீட்டுல உங்க பேருதான மாமா கீது? எனக்கு இன்னாத்துக்கு லேசரு?”

ராயப்பன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

சட்டைப் பையில் சீட்டைக் கண்டெடுத்த லூர்துசெல்வி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, கணவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். புதுப் படத்தில் கண் சுத்தம். டாக்டர் குழம்பினார், லூர்துசெல்வி குழம்பவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் ராயப்பன் எழுந்து நின்று எல்லோருக்கும் கண்ணைக் காட்டவேண்டி வந்தது. முதலாளி இந்து; அவரும் சாவியோடு ஒரு கட்டு மெழுகுவத்தி கொடுத்தனுப்பினார்.

அதன்பின் ஆன்டனியை ராயப்பன் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். அதான் மாதா சரிபண்ணிவிட்டாளே என்று அவன் மூட்டை தூக்கப் போய்விட்டான்.

மறு வருடம் தவக்காலத்தில், மூட்டையோடு நிமிர்ந்தவனுக்கு இடது கண் இருண்டது. லூர்துசெல்வி தம்பியை நேரே மாதா சிலை வைத்த கெபிக்குத்தான் கூட்டிவந்தாள். ராயப்பன் பின்னால் நின்றார்.

“செல்வி, அந்த மொதோ போட்டோ என் கண்ணு இல்ல. இவன் கண்ணு.”

அவள் கையில் இருந்த மூன்று மெழுகுவத்தியையும் ஏற்றி முடித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு அடுத்த பஸ்ஸு எப்போ?”

பத்து நாற்பது என்றார். அது அவர் ஓட்டும் வண்டி. அதிலேயே மூவரும் போனார்கள்.

இடது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், ஆன்டனி பெயரிலேயே.