கத்திரிப்பூ ஊர்வலம்

இன்டர்வியூ எனக்கு. மெட்ராஸுக்குக் கிளம்பியதோ பதினோரு பேர். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த முதல் ஆள் நான். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேரில் வரச்சொல்லித் தபால் வந்தது. துணைக்கு அப்பா வருவதாகத்தான் பேச்சு. அப்பா போனால் அம்மா கடல் பார்க்க வேண்டுமாம். அம்மா போகிறாளே என்று அண்ணி கேட்டாள், அண்ணி என்றால் அண்ணனும் மூன்று வயசு அண்ணன் மகளும். தாத்தாவைத் தனியாக விட முடியாது. விஷயம் தெரிந்து சித்தப்பா தன் சம்சாரத்தையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆலையில் அரவை ஆரம்பிக்க இன்னும் மாசக்கணக்கு இருந்தது, வயலில் யாருக்கும் அவசர வேலை இல்லை. போதாதா? என் இன்டர்வியூ எங்கள் வீட்டு மெட்ராஸ் டூர் ஆகிவிட்டது.

இதில் துணி வேறு. தீபத்துக்குத் திருவண்ணாமலை போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பீஸில் துணி எடுத்து, ஆம்பளைகளுக்குச் சட்டை, பொம்பளைகளுக்கு ரவிக்கை, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை என்று எல்லோருக்கும் தைத்துவிடுவார்கள். கூட்டத்தில் யாராவது காணாமல் போனால் கலரை வைத்துத் தேடலாம். சட்டை போடாத தாத்தாவுக்கு அதிலேயே ஒரு துண்டு. மிச்சத் துணியைத் தன் கைத்தடி நுனியில் கட்டி, உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாத்தா முன்னால் நடப்பார். அதைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் பின்னால் போக வேண்டும். நிற்கிற இடத்தில் எல்லாம் தலைகளை எண்ணுவார். அந்தக் கூட்டத்தில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர்கூடத் தொலைந்தது கிடையாது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மெட்ராஸுக்கு எடுத்த துணி கத்திரிப்பூ கலர், குறுக்கே வெள்ளைக் கோடு. எனக்கு அதில் தாவணி. நான் போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சிநேகிதி ஒருத்தியிடம் வெள்ளையில் சின்னப் பூ போட்ட வாயில் புடவை இரவல் வாங்கி வைத்திருந்தேன். அம்மா தாவணியை மடித்து என் பையின் அடியில் செருகிவிட்டாள்.

அந்த நாட்களில் எங்கள் பக்கமெல்லாம் இடஒதுக்கீட்டுப் பேச்சுதான். டீக்கடையில் அதுதான், கரும்பு வண்டிக்காரர்களிடம் அதுதான். யாருக்கு எவ்வளவு கேட்கிறார்கள், யார் தர மாட்டேன் என்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டால் ஒரு நாள் ஒன்று சொல்வார், மறுநாள் வேறொன்று. எனக்கும் விளங்கவில்லை. எனக்கு வேலை கிடைக்க அது உதவுமா, கெடுக்குமா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. நாங்கள் மெட்ராஸ் வந்து சேர்ந்த மறுநாள், வந்த ரோட்டில் எல்லாம் ஒதுக்கீடு கேட்கிறவர்கள் புளிய மரங்களை வெட்டிப் போட்டதில் வண்டி ஓடவில்லை என்று சத்திரத்துக்காரர் சொன்னார். எந்த ரோடு, எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. திரும்பிப் போவது எப்படி என்று சித்தப்பா கவலைப்பட்டார். தாத்தா, அப்போ இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்றார்.

அந்த ஒரு நாளில் பார்த்ததெல்லாம் குழப்பம்தான். பதினாலு மாடிக் கட்டடத்தின் எதிரில் நின்று ஆளாளுக்கு மாடி எண்ணினோம். அண்ணனுக்குப் பன்னிரண்டு வந்தது, சித்திக்குப் பதினாறு. செத்த காலேஜ் என்று சொல்லும் மியூசியத்தில் பெரிய திமிங்கல எலும்பைப் பார்த்துவிட்டு, இது உயிரோடு இருக்கையில் எதைத் தின்றிருக்கும் என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். கடலைப் பார்த்ததும் தாத்தா ஒரு கை அள்ளி வாயில் ஊற்றித் துப்பினார்.

"கல்வராயன் மலைக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு கேட்டா சொல்லுவேன். இதுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு எவனைக் கேக்கறது?" என்றார்.

மறுநாள் காலை இன்டர்வியூ. நான் போக வேண்டிய ஆபீஸ் கடற்கரை ரோட்டிலேயே இருந்தது, அதுதான் வினை. நீ உள்ள போ, நாங்க மணல்ல குந்திக்கினு இருக்கோம் என்று பத்து பேரும் கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் திரும்பிப் பார்த்தேன். பத்து பேர், பத்தும் கத்திரிப்பூ. முன்னால் தாத்தா, தடி நுனியில் துணி. தொலைந்துவிடக் கூடாதென்று இரண்டிரண்டு பேராகக் கை கோத்து வரிசை. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வேலை கிடைத்தால் நான் இப்படி வரிசையில் நடக்க வேண்டியிருக்காது என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அப்பாவைப் பார்த்து வாயை விட்டேன்.

"பத்தடி தள்ளி வாங்கப்பா. யாராவது கேட்டா என் கூட வந்தவங்கன்னு சொல்லாதீங்க."

சுருக்கென்றுதான் சொன்னேன். அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரிம்மா என்றார். கையைக் காட்டி வரிசையை நிறுத்தி, நான் பத்தடி போன பிறகு நடக்கவிட்டார். இப்படித்தான் தோளில் பையும் கையில் ஃபைலுமாக நான் முன்னால் போக, கொடி மாதிரி தடியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு ஊர்வலம் பின்னால் வந்தது.

ஆபீஸ் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் வேன் நின்றது. அன்றைக்கு அங்கே யாரோ மனு கொடுக்க வரப்போகிறார்கள் என்று அவர்களுக்குத் தகவலாம். எனக்கு எப்படித் தெரியும்? அதிகாரி ஒருத்தர் கை காட்டி நிறுத்தினார். எந்த ஊர் என்று தாத்தாவிடம் கேட்டார். மெட்ராஸில் எங்கள் ஊரை விசாரித்த முதல் ஆள் அவர்தான். தாத்தா சந்தோஷமாக மூங்கில்துறைப்பட்டில் ஆரம்பித்து, கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு ஜில்லா வரைக்கும் சொல்லி முடித்தார். மரம் விழுந்து கிடக்கிற ஜில்லா. அதிகாரி முகம் மாறிவிட்டது. யூனிஃபார்ம், கொடி, வரிசை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறி என்னவோ சொன்னார்கள். ஊர் சுத்திப் பார்க்க வந்தோம் என்றால் யார் நம்புவார்கள், நானே நம்ப மாட்டேன். தடியில் இருந்த துணியை ஒரு போலீஸ்காரர் அவிழ்த்துக்கொண்டார்.

அப்புறம் அதிகாரி என் பக்கம் திரும்பினார். என் கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார். நான்தான் மனு கொண்டுவந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ.

"நீ இவங்க கூட வந்தவளா?"

இன்டர்வியூவுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். ஆமாம் என்றால் வேனில் ஏற வேண்டும், வேலை போயிற்று. இல்லை என்றால் பெற்றவர்களை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனவள் ஆவேன். நான் என்ன சொல்லியிருப்பேன்? அதை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. ஏனென்றால் எனக்கு முன்னால் அப்பா சொல்லிவிட்டார்.

"இந்தப் பொண்ணு யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. அது பாட்டுக்கு ரோட்ல போய்க்கினு கீது."

என்னைப் பார்க்காமலே சொன்னார். பக்கத்து வயல்காரனைப் பற்றிப் பேசுகிற குரல். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி இடுப்பிலிருந்த குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டி, அத்தை என்றாள். அண்ணி அவள் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டாள். எல்லோரையும் வேனில் ஏற்றினார்கள். தாத்தாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழக்கம்போல் தலைகளை எண்ண ஆரம்பித்தார்.

"டேய், பத்துதான் கீது. ஒண்ணு கொறையுதுடா."

"சரியா எண்ணுப்பா. மொத்தமே பத்துதான்" என்றார் அப்பா.

வேன் போய்விட்டது. நான் ஆபீஸுக்குள் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீடு கேட்டார்கள், ஒரு லெட்டர் அடிக்கச் சொன்னார்கள். உங்க ஊர்ப் பக்கம்தானே மரம் வெட்டுகிறார்கள் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். தெரியாது சார் என்றேன். கடைசியில், இவ்வளவு தூரம் யார் துணைக்கு வந்தார்கள் என்றார். யாரும் வரவில்லை, தனியாகத்தான் வந்தேன் என்றேன். மூவரும் பரவாயில்லையே என்று தலையாட்டினார்கள்.

வெளியே வந்து விசாரித்தேன். பிடித்தவர்களை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பார்கள், சாயந்திரம் விட்டுவிடுவார்கள் என்றார் வாசலில் இளநீர் விற்றவர். வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். இரண்டு தடவை தப்பான மண்டபத்துக்குப் போனேன், ஒன்றில் நிஜமாகவே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவதில் வாசலில் காக்கிச்சட்டை தெரிந்தது. காலையில் தடியிலிருந்து துணியை அவிழ்த்த அதே போலீஸ்காரர். உள்ளே இருப்பது என் அப்பா அம்மா என்றேன். அவர் என் புடவையைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். உன்னைத் தெரியாதுன்னு அந்த ஆளே சொன்னாரே என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, பையின் அடியிலிருந்து அந்தத் தாவணியை இழுத்தேன். அந்த வாசலிலேயே புடவைக்கு மேல் போர்த்திக்கொண்டு நின்றேன். கத்திரிப்பூ கலர், வெள்ளைக் கோடு. அவர் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"உள்ள போனா நோட்டுல பேர் எழுதுவாங்கம்மா. வேலைக்குப் போற பொண்ணு மாதிரி தெரியுது. யோசிச்சுக்கோ" என்றார்.

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருப்பேனா தெரியாது.

உள்ளே சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே போராட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு பக்கம் கோஷம் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். தாத்தா இலையை வழித்துக்கொண்டே, பொண்ணு மாப்பிள்ளையை இன்னும் கண்ணில் காட்டவில்லையே என்று பக்கத்து ஆளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, சொன்னாலும் விளங்கியிருக்காது. அப்பா என்னைப் பார்த்ததும் கையில் எடுத்த சோற்றை இலையில் போட்டுவிட்டார். நோட்டுக்காரர் என் பின்னாலேயே வந்தார், இது யார் என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றார் அப்பா, அவசரமாக.

"முடிஞ்சிடுச்சுப்பா. நல்லாப் பண்ணியிருக்கேன்" என்றேன். அப்புறம் நோட்டுக்காரரிடம் என் பேரைச் சொன்னேன். இந்தக் குடும்பம்தான் என்று சொன்னேன். பத்துக்குக் கீழே பதினொன்று என்று போட்டு எழுதிக்கொண்டார். அறிவு கெட்டவளே என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், நல்ல பசி.

அந்த வேலை எனக்கு வரவில்லை. அந்த நோட்டால் வரவில்லையா, லெட்டரில் நான் அடித்த தப்பாலா, ஒதுக்கீட்டில் யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போனதா, இன்றுவரை தெரியாது. மூன்று வருஷம் கழித்து வேறு ஆபீஸில் வேலை கிடைத்தது, அதில்தான் ரிடையர் ஆனேன். அதுகூடப் போகட்டும். அப்பா அன்று ரோட்டில் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்கா, காலையில் நான் சொன்ன வார்த்தை சுட்டதற்கா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பல தடவை கேட்க வாயெடுத்து விழுங்கிவிட்டேன். இப்போது கேட்க அப்பா இல்லை.

வெயில் தாழ்ந்த பிறகு எல்லோரையும் விட்டுவிட்டார்கள். தாத்தாவின் தடியைக் கொடுத்தார்கள், துணி கொடுக்கவில்லை. சத்திரத்துக்கு வழி, கேட்டுக் கேட்டு நடந்து வந்த எனக்குத்தான் தெரியும் என்பதால் நான் முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். நான் நின்றேன். அப்பா கையைக் காட்டினார், அவர்களும் நின்றார்கள்.

அந்தப் பத்தடியையும் நான் திரும்பி நடந்து போய், வரிசையின் கடைசியில், அண்ணன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாத்தா வெறும் தடியை உயரத் தூக்கிக்கொண்டு எங்களை எண்ணினார். பதினொன்று வந்தது. அவருக்கே நம்பிக்கை இல்லாமல் அப்பாவைப் பார்த்தார்.

"சரியாத்தான் கீதுப்பா. மொத்தமே பதினொண்ணுதான்" என்றார் அப்பா.