பெயர் கேட்காதவள் கையில்: அம்பத்தூரிலிருந்து மாங்காடு வரை ஒரு நாள்

சிட்டு, இன்றைக்கு உன் பக்கத்தில் நான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திட்டாதே.

படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இன்டர்நெட் பக்கம் என் மகள் சிட்டுவுடையது. பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றி எழுதுவாள். டிக்கெட் எவ்வளவு, எத்தனை மணிக்குக் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும், எங்கே பாத்ரூம் இருக்கிறது, எல்லாம் எழுதுவாள். நவம்பரில் காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாள். இருபத்தாறு வயது. நான் அவளுடைய அம்மா எஸ்தர். ஐந்தாவது வரைதான் படிப்பு. அவளுடைய போனிலேயே இதை எழுதுகிறேன். நீங்கள் நிறைய பேர் அவளைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். பதில் போட எனக்குத் தெரியவில்லை. இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் லீவில் அவள் அலமாரியைத் துடைக்கும்போது பைபிளுக்குள் ஒரு தாள் கிடைத்தது. அவள் கையெழுத்து.

*மூன்று நிலையம் தாண்டி இறங்கு,*
*முதலில் ஊரறிய அழுத இடத்தில் வணங்கு.*
*ஏரி கூட வரும், அதோடு பேசாதே;*
*எல்லாரும் இறங்கும் இடத்தில் தங்காதே.*
*சாலைகள் கூடுமிடம் உனக்குத் தெரியும்,*
*நாற்பது ஊசி ஓடிய பக்கம் வழி விரியும்.*
*பெயரில் காடு, தெருவெல்லாம் கடை;*
*பெயர் கேட்காதவள் கையில் உன் விடை.*

பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். என் பிறந்தநாள் டிசம்பரில் வரும். சின்ன வயதிலிருந்தே என் பரிசை எங்காவது ஒளித்துவைத்து, நாலு வரி பாட்டு எழுதிக் கொடுத்துத் தேட வைப்பாள். அரிசி டிரம்முக்குள் வளையல் வைத்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி மேல் செருப்பு வைத்திருக்கிறாள். இந்தத் தடவை பெரிசாக ஏதோ செய்ய நினைத்திருக்கிறாள், ஊர் ஊராகச் சுற்ற வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கடைசியாக எனக்கு வைத்த சாமான் எங்கேயோ காத்திருக்கிறது. அதற்காகத்தான் கிளம்பினேன். வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமை காலை 8.40க்கு அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி. மூன்றாவது நிலையம் ஆவடி. 8.55க்கு இறங்கினேன். ஊரறிய நான் முதலில் அழுதது ஆவடிக் கோயிலில், என் கல்யாணத்தன்று. என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு அப்போது அதுதான் சபை. ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும், நடந்தே போனேன். கோயில் திறந்திருந்தது. ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். முன் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டில் சொன்னபடி வணங்கினேன். பெஞ்சுக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்தேன்.

"இன்னாக்கா தொலைச்சிட்டே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததுக்கா முட்டி போட்டுகினு தேடுற? தள்ளு, நான் பெருக்கினே பாக்கறேன்."

ஒரு ஹேர்பின்னும் மிட்டாய்த் தாளும்தான் வந்தன.

10.05க்கு ஆவடி பஸ் ஸ்டாண்டில் பூந்தமல்லி பஸ் ஏறினேன். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்குக் காசு இல்லை. பத்து கிலோமீட்டர்தான், நாற்பது நிமிடம் ஆனது. பருத்திப்பட்டு ஏரி கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அதோடு பேசாதே என்றால் அங்கே இறங்க வேண்டாம் என்று அர்த்தம். எல்லாரும் இறங்கும் இடம் பூந்தமல்லி. பஸ்ஸே காலியாகிவிட்டது. தங்காதே என்றதால் டீ கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் குமணன்சாவடி வந்தேன். 11.15. சாலைகள் கூடுமிடம் அதுதான். அவள் பாட்டை இவ்வளவு தூரம் நானே பிரித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாற்பது ஊசியில் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தையல் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குத்தான் போனேன். ஊசி என்றால் ஆஸ்பத்திரியா என்று யோசித்தேன். மனசு கேட்கவில்லை. முனையில் நின்ற ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"ஏம்ப்பா, இங்க நாப்பது தையல் மிஷின் ஓடுன இடம் எதுனா இருந்துச்சா?"

"மிஷினை எண்ணிகினா இருப்பாங்கம்மா? மாங்காடு ரோட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி இருந்துச்சு. இழுத்து மூடிட்டாங்க. இப்ப கல்யாண மண்டபம்."

பக்கத்து ஆட்டோக்காரர் விடவில்லை. "நாப்பது வரைக்கும் எண்ணச் சொன்னா இந்த மாமா முப்பதுலயே தூங்கிடுவான். அவன்கிட்ட போயி கேக்கற பாரு."

"நீ மூடுடா. ஏறும்மா, மாங்காடு இருபது ரூபா."

மாங்காடு. பெயரில் காடு, தெருவெல்லாம் கடை. பாட்டு சரியாகத்தான் போகிறது. ஆனால் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி எனக்குத் தெரியும். என் நாத்தனார் ஸ்டெல்லா கல்யாணத்துக்கு முன்னால் வேலை செய்த இடம். பாட்டில் அது ஏன் வருகிறது என்று ஆட்டோவில் யோசித்தேன். வழி சொல்ல ஒரு அடையாளமாக எழுதியிருப்பாள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

மூன்று கிலோமீட்டர். பன்னிரண்டு மணிக்குக் கோயில் தெருவில் இறங்கினேன். பூக்கடை, பாத்திரக்கடை, வளையல் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி அந்தத் தாளைக் காட்டினேன். ஆறாவது கடை நூல், பட்டன், ஜிப் விற்கிற சின்னக் கடை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் கோமதி, பிற்பாடு தெரிந்தது. தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு எழுதுன பாட்டு. ஆள் வரும்னு சொல்ச்சு. கிறிஸ்மஸும் போச்சு, பொங்கலும் போச்சு, யாரையும் காணோமேன்னு பாத்துகினே கீறேன்."

டிராயரை இழுத்து ஒரு காக்கித்தாள் பொட்டலத்தை எடுத்தார். நான் கையை நீட்டிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஆமா, நீ யாரும்மா? உன் பேரு இன்னா?"

பெயர் கேட்காதவள் என்று என் மகள் எழுதியிருந்தாள். இந்த அம்மா என் பெயரைக் கேட்டார்.

"எஸ்தர்" என்றேன்.

"இது ஸ்டெல்லாவுக்குக் குடுத்ததும்மா. அவளும் நானும் எட்டு வருஷம் ஒரே லைன்ல மிஷின் ஓட்னோம். அவ வந்தா பேரா கேப்பேன்?" கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பொண்ணு நல்லா கீதா?" என்றார்.

சொன்னேன். கோமதி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து கறுப்பு நூல் கேட்டாள். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். கறுப்பு நூல் அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

எங்கள் அம்பத்தூர் சபையில் பெண்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஜனவரியில் எல்லார் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்காக வருஷம் முழுக்க ரகசியமாக ஜெபிக்க வேண்டும். பெயரை எங்கேயும் எழுதக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. கிறிஸ்துமஸுக்குத்தான் பரிசு கொடுத்து வெளியே சொல்வார்கள். நான் சங்கத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. சிட்டு போவாள், ஸ்டெல்லாவும் அங்கேதான் வருவாள். அதனால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. போகாததற்குக் காரணமும் ஸ்டெல்லாதான். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் இறந்தபோது, பெட்டி பக்கத்தில் நின்று, "ஒரு நாள் முன்னாடி கூட்டினு போயிருந்தா எங்க அண்ணன் இருந்திருப்பான்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவளோடு பேசவில்லை. சிட்டுவின் அடக்கத்துக்கு அவள் வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன வருஷம் சிட்டு எடுத்த சீட்டில் ஸ்டெல்லா பெயர்தான் வந்திருக்கிறது. பாட்டு முழுக்க அவளுக்குத்தான் பொருந்துகிறது. ஸ்டெல்லாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஆவடிக் கோயிலில். தண்ணீர் பட்டதும் கூரை பறக்க அழுதாளாம், மாமியார் சொல்லியிருக்கிறார். குமணன்சாவடியில் தினமும் பஸ் மாறியதும் அவள்தான்.

"அம்மா கிட்ட குடுக்காம யார்கிட்ட குடுப்பேன்? நீயே எட்த்துகினு போய் அவகிட்ட குடுத்துடு" என்று கோமதி பொட்டலத்தை என் மடியில் வைத்தார். கையளவு. கனம் இல்லை. சிட்டு போட்ட முடிச்சு.

மாங்காடு பஸ் ஸ்டாப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிரிக்கத் தோன்றவில்லை என்றால் பொய். வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துக்கொண்டால் கேட்பதற்கு யாரும் இல்லை. கோமதி கேட்க மாட்டார். ஸ்டெல்லாவுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

ஸ்டெல்லா இருப்பது நூம்பலில். குமணன்சாவடிக்குத் திரும்பி இருபது ரூபாய், வேலப்பன்சாவடி வரை பஸ், அங்கிருந்து உள்ளே ஷேர் ஆட்டோ பதினைந்து ரூபாய். மூன்று மணி. அவள் முன் அறையில் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"அண்ணி. வெயில்ல நடந்தா வந்தீங்க?"

"இல்ல. ஷேர் ஆட்டோ."

"சாப்டீங்களா?"

"இல்ல."

தாளையும் பொட்டலத்தையும் கொடுத்தேன். நான் ஒரு நாள் அலைந்த பாட்டை அவள் இரண்டு நிமிடத்தில் பிரித்துவிட்டாள். "நாப்பது இல்ல அண்ணி, முப்பத்தெட்டுதான். ரெண்டு மிஷின் எப்பவுமே ரிப்பேரு" என்று சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பொட்டலத்துக்குள் தையல் மிஷினில் மாட்டுகிற சின்ன லைட் இருந்தது. ஸ்டெல்லாவுக்கு இப்போது ஊசிக் கண் தெரிவதில்லையாம். எனக்கு அது தெரியாது, சிட்டுவுக்குத் தெரிந்திருக்கிறது. காக்கித்தாளைத் திருப்பிப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன். கடிதம் எதுவும் இல்லை.

சோறு போட்டாள். சாப்பிட்டேன். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. லைட்டை மாட்டி எரியவிட்டுப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"கிறிஸ்மஸ் அன்னிக்கு ஒவ்வொருத்தரும் எழுந்து, வருஷம் முச்சூடும் இன்னா ஜெபம் பண்ணோம்னு சொல்லணும் அண்ணி. எனக்காக அவ இன்னா கேட்டானு வீட்ல எதுனா சொன்னாளா?"

இல்லை என்றேன்.

திரும்பும்போது வேலப்பன்சாவடி வரை பதினைந்து ரூபாய், வானகரம் போய் அங்கிருந்து அம்பத்தூர் பஸ். ஆறு மணிக்கு வீட்டில் இருந்தேன். ரயில், ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 75 ரூபாய். நீங்கள் போவதாக இருந்தால் எட்டு மணிக்கே கிளம்புங்கள், பூந்தமல்லி பக்கம் பகலில் வண்டி நகராது. மாங்காடு கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், சாமி பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். தண்ணீர் எடுத்துப் போங்கள். ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது எழுதிவைத்த தாள் கையில் கிடைத்தால், அது யாருக்கு என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

நான் வீட்டில் ஸ்டெல்லா பெயரைக்கூடச் சொல்லவிடாத வருஷங்களில் ஒரு வருஷம் முழுக்க, அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நீ அவளுக்காக முட்டி போட்டிருக்கிறாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது. எனக்காக என்று நினைத்துக்கொண்டு நான் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.

சிட்டு, தினமும் அவளுக்காக என்னம்மா கேட்டாய்?