நேத்ராவின் முழங்கால்

ஆறு அணிகளில் ஆறாவதாக வரும் அணிக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. அடுத்த ஆண்டுக்கான ஆட்டக்காரிகளைப் பிரித்துக்கொள்ளும் நாளில் முதல் பெயரை அதுதான் சொல்லலாம். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனின் பெண்கள் கால்பந்து அணி இரண்டு ஆண்டுகளாக இந்தச் சலுகையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வந்தது. போன வருடம் பத்து ஆட்டம் ஆடியது. பத்திலும் தோற்றது.

போட்டிக் குழுவின் செயலாளர் கிளாரன்ஸ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்கெலட்டன், உங்க ஆள சொல்லுங்க" என்றார்.

அணியின் பயிற்சியாளர் ஷோபா எழுந்து நின்றாள். "நேத்ரா."

மண்டபம் சிரித்தது. சுவரோரம் நின்றிருந்த நேத்ராவே பின்னால் வேறு நேத்ரா யாராவது இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். பதினேழு வயது, பென்சில் மாதிரி உடம்பு.

"யோசிச்சு சொல்லும்மா ஷோபா," என்றார் கிளாரன்ஸ். "அது ஓடவே ஓடாதே. நடு கிரவுண்டுல நின்னுக்கினு வேடிக்கை பாக்கும்."

"ஓட்றதுக்கு எங்கிட்ட எட்டு பேரு கீறாங்கண்ணா. எங்க ஓட்றதுன்னு தெரிஞ்ச ஆளுதான் ஒண்ணுகூட இல்ல."

"அப்போ இந்த வருஷமும் லாஸ்ட்டு உங்களுக்குத்தான், துண்டு போட்டு வச்சிக்கோங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

மற்றவர்கள் அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்திருந்தார்கள். ஷோபா கழுத்தைப் பார்த்திருந்தாள். பந்து தன்னிடம் வருவதற்குள் நேத்ரா இரண்டு முறை தலையைத் திருப்புவாள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பந்து வந்ததும் அதைக் குனிந்து பார்க்கமாட்டாள். யாருமே இல்லாத இடத்துக்குத் தட்டிவிடுவாள். போன வருடம் அவளுடன் ஆடியவர்கள் அந்த இடத்துக்கு ஓடிப் போகவில்லை. பழி நேத்ராவுக்கு வந்தது. கூட்டமாய் ஓடுகிறவர்கள் நின்று யோசிக்கிறவளைச் சோம்பேறி என்றுதான் சொல்வார்கள். இது கால்பந்தில் மட்டும் நடக்கிற காரியமா என்ன?

ஷோபாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. காலை ரயிலில் பெங்களூர் போய், கார்மெண்ட்ஸில் எட்டு மணி நேரம் சட்டைத் தையலில் குறை தேடிவிட்டு, மாலை ரயிலில் திரும்புகிறவள். அவளுடைய அப்பா ராஜப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கக் கம்பெனி மூடியபோது ஷோபாவுக்குப் பதினாறு வயது. அடுத்த வருடம் மாநில அணியின் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அவள் அந்தத் தேதியில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

நேத்ராவும் அதே ரயிலில் கல்லூரிக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானம் கிடைக்கும். மற்ற ஆறு நாளும் பயிற்சி ரயிலில் நடந்தது. கதவோரம் நின்றுகொள்வார்கள். வண்டி ஒரு ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ஷோபா, "பாரு" என்பாள். இரண்டு நொடி. "மூடு." நேத்ரா கண்ணை மூடிக்கொண்டு பிளாட்பாரத்தை ஒப்பிக்க வேண்டும்.

"தூணுகிட்ட நாலு பேரு. டீக்கடைகிட்ட சேப்புப் பையோட ஒரு ஆன்ட்டி. அந்தாண்ட காலி."

"காலின்னா எவ்ளோ காலி?"

"ரெண்டு பேரு ஓடலாங்க்கா."

"போலீஸ்காரரு?"

"பாக்கலியே..."

"அவருதான் உன்ன மறிக்கிற எதிர் டீமு பேக்கு. இப்ப உன் பந்து அவரு கால்ல கீது."

பெட்டியில் இருந்தவர்களுக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒரு மாதத்தில் அவர்களும் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். "பாப்பா, மஞ்சத் தொப்பி எத்தினி?" என்று மேல்பலகையிலிருந்து குரல் வரும். மூன்றாவது மாதத்தில் நேத்ரா போலீஸ்காரரை மட்டுமல்ல, அவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பதையும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற பெண்களுக்கு ஷோபா ஒரே கட்டளைதான் கொடுத்தாள். "அவ எங்க தள்றாளோ அங்க போங்க. ஏன்னு கேக்காதீங்க."

போனார்கள். ஸ்கெலட்டன் அணி இரண்டு ஆட்டம் தோற்று, ஒன்றைச் சமன் செய்து, பிறகு தொடர்ந்து ஏழில் வென்றது. இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது. நேத்ராவைப் பார்க்கப் பெங்களூர் கிளப் ஒன்றிலிருந்து ஷில்பா என்ற பயிற்சியாளர் வருவதாகப் போன் வந்தது. பிடித்துப்போனால் விடுதியில் இடம், கல்லூரி, முறையான பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நேத்ராவின் அம்மா ராதிகா அன்று ஷோபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது இவள இங்கிருந்து அனுப்பிடுக்கா" என்றாள்.

புதன்கிழமை மாலை, வண்டி நிற்குமுன் குதித்து இறங்கியபோது நேத்ராவின் இடது கால் மடங்கிக்கொண்டது. இரவுக்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. ராதிகா மாரியம்மன் கோயில் விபூதியைப் பூசினாள். பக்கத்து வீட்டு ஐடா ஜெபக்கூட்டத்து எண்ணெயைத் தேய்த்து ஜெபித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று தர்காவிலிருந்து ஒரு பச்சைக் கயிறும் வந்தது. மூன்று மதங்களும் சண்டை சச்சரவில்லாமல் ஒரு முழங்காலில் ஒன்றுகூடின. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இல்லை, தோன்றியது. அப்படித் தோன்றியதால்தான் பயந்தார்கள். டாக்டர் பார்த்தால் ஆடாதே என்பார். ஆடவில்லை என்றால் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தப் பயத்துக்கு, கம்பெனி தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த அந்த லைன் வீடுகளில் வயது அதிகம். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டைக் கேஜ் என்பார்கள். கேஜ் ஏறும்முன் வாய் திறக்காதே என்பது ராஜப்பா காலத்துச் சட்டம். வலிக்கிறது என்று மேலே நின்று சொன்னவனின் இடத்தில் அந்த நிமிடமே வேறொருவன் இறங்குவான். நாளைக்கு அந்த இடம் உனக்கில்லை. ஆகவே காய்ச்சலோடு இறங்கினார்கள், ஒடிந்த விரலை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். ராஜப்பா ஒருமுறை கூரை ஓடு மாற்றும்போது விழுந்து விலா எலும்பில் விரிசலோடு பதினோரு நாள் இறங்கினார். பிறகு வாழ்நாள் முழுக்க அதை வீரக்கதையாகச் சொன்னார். தொழிலாளியை மாட்டைவிடக் கேவலமாக நடத்திய ஒரு ஏற்பாட்டுக்கு, அவன் பிள்ளைகளிடமே 'தாங்கும் குணம்' என்று பெயர் வாங்கிக் கொடுத்தது யாருடைய சாமர்த்தியமோ! முதலாளி போனான், கம்பெனி போனது, கேஜ் துருப்பிடித்துத் தொங்குகிறது. சட்டம் மட்டும் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை நேத்ரா ரயிலுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தாள். நேராக நடந்து வந்தாள், அளவுக்கு மீறி நேராக. பெட்டியில் ஏறும்போது வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, மறுபடி வலது காலையே அடுத்த படியில் வைத்தாள். நாளெல்லாம் சட்டையில் ஒரு நூல் பிசகைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாமல் போகுமா?

"கால் இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"நேத்து ஏன் வரல?"

"தலவலி."

ஷோபா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்ல என்று சட்டை மாட்டிய அதே முகம். கைப்பையில் போன் இருந்தது. ஷில்பாவின் எண் அதில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால்? 'அப்படியா, சரி' என்று வைத்துவிடுவார்கள். நாளைக்கு அந்த இடம் இவளுக்கில்லை. ஷோபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று, "பாரு" என்று அவள் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். முதல் பாதியில் நேத்ரா ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஓடாத பெண் என்ற பெயர் அன்று அவளுக்கு வசதியாகப் போயிற்று. நின்ற இடத்திலிருந்தே இரண்டு கோலுக்குப் பந்து தள்ளினாள். ஷில்பா நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார். இடைவேளையில் ஷோபா நீட்டிய தண்ணீர் பாட்டிலை நேத்ரா இடது காலைத் தரையில் ஊன்றாமலே வாங்கினாள். போதும், உட்கார் என்று சொல்ல அது இரண்டாவது வாய்ப்பு. "இன்னும் அர மணி நேரந்தான்" என்றாள் ஷோபா.

இரண்டாம் பாதியின் பத்தாவது நிமிடத்தில், யாரும் மோதாமல், யாரும் தொடாமல், திரும்பும்போது நேத்ராவின் கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. அந்த அலறல் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்டது.

முதலில் ஓடி வந்தது ஷில்பாதான். மண்டியிட்டுக் காலுறையை இறக்கினார். விபூதி, எண்ணெய்ப் பிசுக்கு, பச்சைக் கயிறு, அதற்கடியில் மஞ்சளும் நீலமுமாய்ப் பழைய வீக்கம்.

"ஸ்வல்ப தடி, கொஞ்சம் பொறு, அசையாதே. எப்ப அடிபட்டுச்சு?"

"இப்பத்தான் மேடம்," என்றாள் நேத்ரா, அந்த வலியிலும்.

ஷில்பா நிமிர்ந்து ஷோபாவைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

ஷோபா குனிந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"ஒரு போன் பண்ணியிருந்தா நாங்களே டாக்டர்கிட்ட காட்டியிருப்போமே. வீடியோ பாத்தே இவள எடுக்கறதா முடிவு பண்ணியாச்சு. நேர்ல பேசத்தான் வந்தேன். அடிபட்டவள எடுக்கமாட்டோம்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.

ஸ்கெலட்டன் அணி கோப்பையை வென்றது. பெங்களூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர், புதன்கிழமையே ஓய்வு கொடுத்திருந்தால் ஆறு வாரத்தில் சரியாகியிருக்கும் என்றார். இப்போது தசைநார் முழுதாக அறுந்து, குருத்தெலும்பும் நொறுங்கிவிட்டது. நடக்கலாம். ஆட்டம் பற்றி அவர் பேச விரும்பவில்லை. ஷில்பா இரண்டு முறை வந்து பார்த்தார். மூன்றாம் முறை வர அவருக்கு ஒரு காரணம் இல்லை.

பாராட்டு விழா வைத்தார்கள். வைக்காமல் இருப்பார்களா? கிளாரன்ஸ் மைக்கைப் பிடித்து, "ஒடஞ்ச காலோட ஆடிச்சு பாரு நம்ம பொண்ணு! அது யாரு ரத்தம்? சுரங்கத்துல எறங்கின மைனர் ரத்தம்!" என்றார். விசில் பறந்தது. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நேத்ராவுக்குச் சால்வை போர்த்தினார்கள். பிறகு ஷோபாவைப் பேசக் கூப்பிட்டார்கள்.

ஷோபா மைக் முன்னால் வந்தாள். "அவ கால்ல அடிபட்டது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்," என்றாள். "தெரிஞ்சேதான் ஆட வச்சேன்."

மண்டபமே எழுந்து கைதட்டியது. "அதாம்மா கோச்சு!" என்று ஒருவர் கத்தினார். ஷோபா கையை உயர்த்தி, "தட்டாதீங்க, நான் சொல்றது இன்னான்னு கேளுங்க" என்றாள். தட்டல் இன்னும் பலமாயிற்று. கிளாரன்ஸ் அவள் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார்.

கூட்டம் பிரியாணியை நோக்கி நகர்ந்த பிறகு ஷோபா நேத்ராவின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணுமில்லன்னு சொன்னத நீங்க நம்பிட்டீங்கன்னு நெனச்சேங்க்கா," என்றாள் நேத்ரா. "ஏமாத்திட்டோமேன்னு உங்க மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்திச்சு எனக்கு. இத்தினி நாளா."

ஷோபா வாய் திறந்தாள்.

"வேணாம்," என்றாள் நேத்ரா. சால்வையை மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். ஊன்றுகோல் எட்டவில்லை. ஷோபா அதை எடுத்து நீட்டினாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அம்மா," என்று மண்டபத்தின் மறுபக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "அம்மா, வந்து எடுத்துக் குடு."